பழைய தோல், புது கியர்பாக்ஸ்: விற்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: பழைய கார் பக்கம்

இம்முறை கேள்விகள் பெரும்பாலும் ஒரே காரைச் சுற்றி: எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் அது. இன்றைக்கும் அதற்குக் கிடைக்காத உதிரிபாகமே இல்லை எனலாம். வினோதம் என்னவென்றால், உதிரிபாகம் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தான் யாரும் கைவைக்காத எம்.ஜி.பி. அரிதாகிவிட்டது. ஆளாளுக்கு எதையாவது பிரித்து எதையாவது மாட்டிவிட்டார்கள்.

கேள்வி (லெஸ்டர்): என்னுடையது 1971 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (துணிக்கூரை மாடல்). பெயின்ட், சீட், கார்பெட் எல்லாம் ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. ஆனால் ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் டைப் 9 பாக்ஸ், எலக்ட்ரானிக் இக்னிஷன், பின்பக்கம் டெலஸ்கோப்பிக் ஷாக், பிரேக் சர்வோ, அன்லெடட் ஹெட், இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரே 12 வோல்ட் பேட்டரி என்று மாற்றங்கள் உண்டு. 'புதுப்பிக்காத ஒரிஜினல் கார்' என்று விளம்பரம் கொடுக்கலாமா? மாற்றங்களால் விலை கூடுமா, குறையுமா?

பதில்: 'புதுப்பிக்காத' என்று தாராளமாக எழுதுங்கள். 'ஒரிஜினல்' என்ற சொல்லை மட்டும் மொட்டையாக எழுதாதீர்கள். முதல் சொல் உடம்பைப் பற்றியது: தகரம், பெயின்ட், சீட், மேல்கூரைத் துணி. இரண்டாவது சொல் முழு வண்டிக்கும் சத்தியம் செய்கிற மாதிரி. பானெட்டைத் திறந்த நிமிடமே அது பொய்யாகிவிடும். பார்க்க வருகிறவர் உண்மையில் இரண்டு சரக்குகளுக்கு விலை பேசுகிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரும் மறுபெயின்ட் அடிக்காத உடம்பு ஒன்று. இன்றைய சாலையில் பயமில்லாமல் ஓட்டக்கூடிய இயந்திரம் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டுக்கும் மதிப்புக் கிடைக்கும். குழப்பினால், இயந்திரத்தில் மறைத்தவர் உடம்பிலும் மறைத்திருப்பார் என்றுதான் தோன்றும்.

மாற்றத்தை எடைபோட இந்தச் சந்தையில் செல்லுபடியாகும் அளவுகோல் ஒன்றே: வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், ஸ்பேனரை மட்டும் வைத்துப் பழையபடி ஆக்க முடியுமா?

பிரேக் சர்வோ இந்தக் கேள்விக்கே வராது. 1970-களின் தொடக்கத்தில் கூடுதல் பணம் கொடுத்தால் கம்பெனியே பொருத்திக் கொடுத்த சாமான் அது. அன்லெடட் ஹெட்டுக்காகவும் விலையைக் குறைப்பவர் கிடையாது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. ஈயத்தின் படிவு எக்ஸாஸ்ட் வால்வுக்கும், ஹெட்டில் அது உட்காரும் வளையமான சீட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி இருந்தது. அது போனதும் வால்வு சூட்டில் சீட்டோடு ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, மெல்ல உள்ளே இறங்குகிறது. கடினமான சீட் பதித்த ஹெட் என்றால் அந்தத் தலைவலி இல்லை. பில் இருந்தால் காட்டுங்கள். பில் இல்லாவிட்டால் வாய்வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள், ஹெட்டைக் கழற்றாமல் சீட்டைப் பார்க்க முடியாது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் பழைய லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடங்கும் கிட் என்றால் அரைமணி நேர வேலைதான். பாயின்ட், கண்டென்சர் இரண்டையும் ஒரு கவரில் போட்டு வண்டியோடு கொடுத்துவிடுங்கள். இரண்டு விஷயம் மட்டும் சரிபாருங்கள். உங்கள் வருஷத்து வண்டிக்கு பேலஸ்ட் (கரன்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத, ஏறக்குறைய 3 ஓம் காயில்தான் பொருந்தும், 1.5 ஓம் காயிலை யாராவது மாட்டியிருந்தால் சூடேறி நடுவழியில் காலை வாரும். அடுத்தது, இன்ஜின் சுற்றைக் காட்டும் அந்தக் காலத்து ஸ்மித்ஸ் டேக்கோ மீட்டரில் ஒரு வகை, காயிலுக்குப் போகும் கரன்ட்டை வைத்தே எண்ணுவது. சில எலக்ட்ரானிக் கிட்டுகளோடு அதற்கு ஒத்துவராது, முள் துள்ளும் அல்லது படுத்துவிடும். வாங்க வந்தவர் கண்ணில் அது வயரிங் கோளாறாகத்தான் படும்.

பின் ஷாக் விஷயத்தில், பழைய ஆம்ஸ்ட்ராங் லீவர் ஷாக்கின் போல்ட் ஓட்டையிலேயே பிராக்கெட் உட்கார்ந்திருக்கிறதா, புதிதாக டிரில் போட்டிருக்கிறார்களா என்று படுத்துப் பாருங்கள். ஓட்டை போட்டிருந்தால் படத்தோடு சொல்லிவிடுங்கள்.

இனி கியர்பாக்ஸ். விலையைத் தூக்குவதும் அதுதான், தடுக்குவதும் அதுதான். எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. இன்ஜினையும் வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே பழைய பாக்ஸைத் திரும்ப மாட்டுவது வார இறுதி வேலை இல்லை. வாங்குகிறவர் நான்கு கேள்வி கேட்பார், நீங்களே முந்திக்கொண்டு பதில் எழுதிவையுங்கள். டனல் தகடு (கியர்பாக்ஸுக்கு மேல் மேடாக இருக்கும் தரைத் தகடு) வெட்டுப்பட்டதா, சுத்தியலால் தட்டி அகலப்படுத்தியதா? கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் வெல்டிங் உண்டா? புரொப்பெல்லர் ஷாஃப்ட் புதிதாக பேலன்ஸ் செய்ததா, பழையதை வெட்டி ஒட்டியதா? அதே சமயம் கிளட்ச் முழு செட்டும் மாற்றியாயிற்றா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் தடித்த எழுத்தில் போடுங்கள். கிளட்சுக்காக மறுபடி இன்ஜினை இறக்க வேண்டியதில்லை என்பது வாங்குகிறவருக்கு நல்ல பணம் மிச்சம்.

பலரும் கோட்டைவிடுவது ஸ்பீடோமீட்டரில். டைப் 9 பாக்ஸின் ஸ்பீடோ பற்சக்கர விகிதம் வேறு. பழைய மீட்டரை அளவு திருத்தாமல் மாட்டியிருந்தால் வேகமும் தப்பு, மைல் கணக்கும் தப்பு. கைபேசி ஜி.பி.எஸ். வைத்து மணிக்கு 30 மைலிலும் 60 மைலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் 'மொத்த மைல் இவ்வளவு' என்று அடித்துச் சொல்லாதீர்கள். 'கியர்பாக்ஸ் மாற்றியபோது மீட்டரில் இருந்தது இவ்வளவு, அதன்பின் கணக்கு துல்லியமில்லை' என்று சொல்லுங்கள். குறைந்த மைல் ஓடியது என்பதே புதுப்பிக்காத காரின் பாதி மவுசு. அந்தக் கணக்கில் ஓட்டை இருந்து அதைப் பிற்பாடு வேறொருவர் கண்டுபிடித்தால் வழக்கு வரை போகும்.

கழற்றிய சாமான்கள்தான் உங்கள் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு. பழைய கியர்பாக்ஸ், அதில் லேகாக் ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் அதன் சுவிட்ச், வயரிங், பழைய புரொப்பெல்லர் ஷாஃப்ட், லீவர் ஷாக் இரண்டு, பேட்டரி பிடிமானக் கம்பிகள், ஏர்ஃபில்டர் டப்பா: எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, தரையில் பரப்பி ஒரே படமாக எடுங்கள். இணையத்தில் தனியாக விற்றால் ஓவர்டிரைவ் பாக்ஸுக்கு நல்ல காசு வரும் என்று ஆசை வரும். விற்காதீர்கள். அந்த பாக்ஸ் கூட இருக்கும்வரை உங்கள் வண்டி 'மாற்றியது, திரும்பப் பெறக்கூடியது'. இல்லாவிட்டால் வெறும் 'மாற்றியது'.

விலை கூடுமா என்றீர்கள். செய்த செலவு முழுசாகத் திரும்பாது. பில்களைக் கூட்டி விலையில் ஏற்றுகிறவர்களின் விளம்பரம்தான் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நல்ல மாற்றங்கள் வண்டியைச் சீக்கிரம் விற்கச் செய்யும், பேரத்தில் உங்கள் கால் வழுக்காமல் காக்கும். அந்த மட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பர வாசகம் இப்படி இருக்கலாம் (விவரங்கள் மாதிரிக்குத்தான், உங்கள் வண்டியில் உள்ளதைப் போடுங்கள்): '1971 ரோட்ஸ்டர். உடம்பு புதுப்பிக்காதது, இடது பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் ஒரு பழுது பார்த்த இடம் தவிர மற்றெல்லாம் முதல் பெயின்ட், படங்கள் உள்ளன. சீட், கார்பெட் முதலில் வந்தவை. ஓட்டுநர் சீட் தையல் ஓரிடத்தில் விட்டிருக்கிறது. இயந்திரத்தில் மாற்றங்கள்: (பட்டியல், செய்த வருஷம், பில் உண்டா இல்லையா). கழற்றிய சாமான்கள் விலையில் அடக்கம். டனல் வெட்டப்படவில்லை.' குறையைச் சொல்லும் வரி இருந்தால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள்.

கேள்வி (பர்மிங்ஹாம்): விற்கும் முன் கீறல்களை டச்-அப் செய்து, அடிப்பக்கம் புதிதாக அண்டர்சீல் (துரு தடுக்கும் பூச்சு) அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இரண்டும் வேண்டாம். புத்தம்புது கறுப்பு அண்டர்சீலைப் பார்த்த அனுபவசாலி, கீழே எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். டச்-அப் செய்தால் 'முதல் பெயின்ட்' என்ற சொல்லை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

நடுநிலை ஷாம்பு, நிறையத் தண்ணீர், மென்மையான துணி, அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. மெஷின் பாலிஷ் ஆபத்து: இத்தனை வருஷம் தேய்ந்த பெயின்ட் மட்கார்டின் விளிம்புகளில் காகிதம் போல இருக்கும், ஒரு சுற்றில் பிரைமர் தெரிந்துவிடும். இன்ஜின் அறையில் பிரஷர் வாஷ் அடித்தால் பழைய ஸ்டிக்கர்களும், ஆய்வின்போது கம்பெனியில் இட்ட சாக்பீஸ், பெயின்ட் குறிகளும் போய்விடும்; புதுப்பிக்காத வண்டி என்பதற்கு அவைதான் சாட்சி. பிரிட்டனில் இப்படிப்பட்ட கார்களை 'எண்ணெய்த் துணி' வண்டிகள் என்று செல்லமாகச் சொல்வார்கள். பளபளப்பாக்காமல், எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்தே ஓட்டிய வண்டி என்று பொருள்.

செய்யவேண்டியது வேறு இருக்கிறது. பிரேக் ஓஸ், பெட்ரோல் ஓஸ், டயர் மூன்றையும் பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஓஸை அது மென்று தின்னும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ஓஸ் போட்டு, எத்தனால் குறைந்த சூப்பர் இ5 ஊற்றி ஓட்டியதாகச் சொல்லுங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசு பத்தைத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், அல்லது விலையில் விட்டுக்கொடுங்கள்.

கேள்வி (குரோய்டன்): பார்த்த வண்டியில் 'சில்' (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பகுதி) பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விற்பவர் 'அழகுக்காகப் போட்டது, மற்றபடி புதுப்பிக்காத கார்' என்கிறார். நம்பலாமா?

பதில்: நீங்கள் வாங்கும் பக்கம். ஆனால் விற்பவர்களும் படிக்கட்டும் என்று விரிவாகவே சொல்கிறோம்.

எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் இல்லை. ரோட்ஸ்டரில் மேலே தகரக் கூரையும் கிடையாது. வண்டி நடுவில் மடிந்துவிடாமல் தாங்குவது இரண்டு பக்கத்துச் சில்தான். வெளியே தெரிவது அதன் ஒரு தகடு மட்டுமே. உள்ளே செங்குத்தாக ஒரு தகடு, உட்புறச் சில், அடியில் கேஸில் ரெயில் என்று பல அடுக்கு. ஈரம் உள்ளே தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். சரியாக மாற்றுவதென்றால் முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியையும், கதவுக்குப் பின்னால் மட்கார்டு வளைந்து இறங்கும் இடத்தையும் வெட்டித் திறக்க வேண்டும், ஏனென்றால் சில் இரண்டின் அடியிலும் ஓடுகிறது. அதைச் செய்யாமல் கண்ணுக்குத் தெரியும் நடுத்துண்டில் மட்டும் ஒட்டுப்போடுவது ஒரு மோசடி. அதற்கும் மேல் கவசமாகத் தகடு அடிப்பது இன்னொன்று. கவசத்துக்கும் பழைய சில்லுக்கும் நடுவில் தண்ணீர் நிரந்தரக் குடியிருப்பு போட்டுவிடும்.

சோதனை சுலபம். கதவை மூடி, கதவின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் மேலே, கீழே இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். மேல் இடைவெளி மாறினாலோ, கதவு திறக்கச் சிரமப்பட்டாலோ வண்டிக்கு முதுகெலும்பு போய்விட்டது. ஜாக்கி வைத்த இடமே உள்ளே அமுங்கினால் அளக்கவே தேவையில்லை. பிறகு சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டிகளைப் பாருங்கள். ஆசிட் சிந்தி அடி போயிருக்கும். அங்கிருந்து பின் ஸ்பிரிங்கின் முன்பக்கப் பிடிமானம் வரை விரலால் தட்டிக்கொண்டே போங்கள்.

காந்தம் கொண்டுபோவீர்கள்தானே? ஆரம்ப வருஷத்து எம்.ஜி.பி.க்களின் பானெட் அலுமினியம், காந்தம் ஒட்டாது. 'பட்டி' என்று சண்டை போட்டுவிடாதீர்கள். பெயின்ட் தடிமன் மானி இருந்தால் நல்லது. முதல் பெயின்ட் பொதுவாக நூறு மைக்ரானை ஒட்டி, சற்று முன்பின் காட்டும். இருநூறைத் தாண்டினால் மறுபெயின்ட், ஐந்நூறுக்கு மேல் போனால் அடியில் பட்டி. ஒரே எண்ணை நம்பாமல் ஒவ்வொரு தகட்டிலும் ஆறேழு இடம் வையுங்கள். இடத்துக்கு இடம் எண் எகிறுவதுதான் துப்பு.

இன்னும் ஒன்று: 1988-இலிருந்து எம்.ஜி.பி.க்கு முழு உடம்பே புதிதாகக் கிடைக்கிறது, பழைய அச்சுக்களைக் கொண்டே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் செய்வது. அருமையான வேலை. ஆனால் அந்த உடம்பில் ஏற்றிய காரைப் 'புதுப்பிக்காத' என்று சொல்ல முடியாது.

கேள்வி (ஹாரோ): இன்ஜின் நம்பர் ஒத்துவர வேண்டுமா? என் 1969 காரில் 18வி என்று தொடங்கும் நம்பர் இருக்கிறது.

பதில்: அப்படியென்றால் அது பிறந்தபோது இருந்த இன்ஜின் இல்லை. 1971 வரை 18ஜி-யில் தொடங்கும் தொடர்கள், அதன்பிறகுதான் 18வி வந்தது. எல்லாமே அதே 1798 சி.சி. பி-சீரிஸ் குடும்பம். பதற வேண்டாம், எம்.ஜி.பி.யில் இன்ஜின் மாறியது கொலைக்குற்றம் இல்லை. கம்பெனி உத்தரவாதத்திலேயே மாற்று இன்ஜின் போன வண்டிகள் உண்டு. கேடன் சிற்றூரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் செலுத்தி ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்குங்கள். தயாரான தேதி, முதல் நிறம், உள்ளலங்காரம், முதல் இன்ஜின் நம்பர், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் ஃபேக்டரிப் பதிவேட்டிலிருந்து வரும். சேசிஸ் நம்பரில் ஜி.எச்.என். என்றால் ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்றால் நிலையான கூரை உள்ள ஜி.டி.; அதையும் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இப்போதைய இன்ஜின் நம்பர் வி5சி-யில் (பிரிட்டன் வாகனப் பதிவுப் பத்திரத்தில்) ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் விற்கும் முன் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதித் திருத்துவது உங்கள் வேலை.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எந்த எண்களைக் காட்டலாம்?

பதில்: கம்ப்ரெஷனும் ஆயில் பிரஷரும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று விடுங்கள். ஆரோக்கியமான பி-சீரிஸில் 160 பி.எஸ்.ஐ. அக்கம்பக்கம் வரும். மொத்த எண்ணைவிட நான்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஒன்று குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெட். மீட்டரோடு படமெடுத்து, தேதியும் மைலும் எழுதி வையுங்கள்.

ஆயில் பிரஷர் சூட்டில் ஓடும்போது 50-க்கும் 80-க்கும் இடையில், ஐடிலில் 10 முதல் 25. அதற்குமேல் ஒரு குளிர் ஸ்டார்ட் வீடியோ எடுங்கள், வெட்டாமல்: சோக்கை இழுப்பது, சைலன்சர் புகை, மீட்டர் முள் எழுவது மூன்றும் தெரிய வேண்டும். பார்க்க வருகிறவருக்கு முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். அவர் வந்ததும் முதலில் பானெட்டில்தான் கைவைப்பார்.

கம்பிச் சக்கரம் என்றால் இன்னொரு சோதனையை நீங்களே முதலில் செய்யுங்கள். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றி மெல்ல எடுக்கும்போது பின்னால் 'டங்' என்று கேட்டால், சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் பல்வரிசையான ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலுக்குள் தரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தாலும் அதே சத்தம்தான். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் முளை). கிங்பின் தேய்வது பெரும்பாலும் கிரீஸ் வைக்காத சோம்பலால்தான்.

கேள்வி (ரெடிங்): மாற்றங்கள் செய்த காருக்கு எம்.ஓ.டி. (பிரிட்டனின் வருடாந்தரத் தகுதிச் சோதனை) விலக்கு போய்விடுமா? நம்பர் பிளேட்டை நான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நாற்பது வயசு தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. விலக்கு உண்டு, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் 'கணிசமாக மாற்றியிருக்கக் கூடாது' என்ற நிபந்தனையோடு. அதில் பார்ப்பது சேசிஸ் அல்லது உடற்கூடு, ஆக்ஸிலும் ஓட்ட பாகங்களும், இன்ஜின். அதே அடிப்படை இன்ஜினின் வேறு சி.சி. கணிசமான மாற்றம் ஆகாது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் வகையை மாற்றினால் ஆகும், ஆனால் பாதுகாப்பையோ திறனையோ கூட்டுவதற்காக ஆக்ஸிலிலும் ஓட்ட பாகங்களிலும் செய்த மாற்றத்துக்கு விலக்கு இருக்கிறது. பிரேக் சர்வோ, எலக்ட்ரானிக் இக்னிஷன் மாதிரி விஷயங்களுக்குக் கவலையே வேண்டாம். நான்கு சிலிண்டரை எடுத்து வி8 வைத்திருந்தால் யோசிக்க வேண்டும்.

விலக்கு இருந்தாலும் விற்கும் முன் ஒரு எம்.ஓ.டி. எடுத்துவிடுங்கள். புதுப்பிக்காத உடம்பைத் தூக்கி வைத்து மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்தார் என்ற தாளுக்கு அந்தக் கட்டணத்தைவிட மதிப்பு அதிகம். சாலை வரி விஷயத்தில், வரலாற்று வாகன வகுப்பில் கட்டணம் பூஜ்யம் என்றாலும் வரி உங்களோடு முடிகிறது. வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். லண்டன்காரர் வாங்கினால், அந்த வகுப்பில் உள்ள நாற்பது வயசு வண்டிக்கு யூலெஸ் (லண்டனின் புகைமாசு) கட்டணம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள்.

நம்பரை எடுத்துக்கொள்ளலாம், விற்கும் முன்பே 80 பவுண்டு கட்டித் தக்கவைக்க வேண்டும். ஆனால் பிறந்ததிலிருந்து அதே நம்பரில் இருக்கும் புதுப்பிக்காத காரிலிருந்து அதைப் பிடுங்குவது, பட்டுப்புடவையின் ஜரிகையை மட்டும் உருவிக்கொண்டு புடவையை விற்பது போல.

கேள்வி (சான் ஹோசே, கலிஃபோர்னியா): 1977 எம்.ஜி.பி., ரப்பர் பம்பர் மாடல். முந்தைய சொந்தக்காரர் ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரை எடுத்துவிட்டு வெபர் போட்டிருக்கிறார். அருமையாக ஓடுகிறது. விற்பதில் சிக்கல் வருமா?

பதில்: வரும். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைதான் 'ஸ்மாக்' எனும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு. உங்களுடையது இரண்டு வருஷம் பிந்தியது. செல்லுபடியாகும் ஸ்மாக் சான்றிதழைக் கொடுக்கும் பொறுப்பு விற்பவருடையது, 'இருக்கிறபடியே வாங்குகிறேன்' என்று எழுதி வாங்கினாலும் அது உங்கள் தலையில்தான். புகையின் அளவு சரியாக இருந்தால் போதாது. ஏர் பம்ப், கேட்டலிஸ்ட், குழாய்கள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். அந்த வண்டிக்கென்று மாநிலக் காற்றுவள வாரியம் கொடுத்த ஈ.ஓ. எனும் ஒப்புதல் எண் இல்லாத கார்புரேட்டர் அங்கேயே அடிபடும். கழற்றிய சாமான்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டி, தேறியபின் விற்பதுதான் நேர்வழி. வெபரைப் பெட்டியில் வைத்துக் கூடவே கொடுங்கள். இல்லையென்றால் வேறு மாநிலத்தில் வாங்குபவரைப் பாருங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஏலமா, நேரடி விற்பனையா? ஓட்டிப்பார்க்கக் கேட்டால் சாவியைக் கொடுக்கலாமா?

பதில்: மாற்றங்கள் செய்த காருக்கு நேரடி விற்பனை மேல். ஏல மண்டபத்தில் மூன்று நிமிடத்தில் டைப் 9 பாக்ஸைப் பற்றி யாருக்கும் விளக்க முடியாது. 'மாற்றியது' என்ற சொல் மட்டும் காதில் விழும். இணைய ஏலம் பரவாயில்லை, நூறு படம் போடலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம். எதுவானாலும் விற்பனைக் கமிஷன், வாங்குபவர் ஏலக் கம்பெனிக்குக் கூடுதலாகக் கட்டும் பிரீமியம், விற்காவிட்டால் என்ன கட்டணம் என்று முதலிலேயே கேளுங்கள். பிரீமியத்தைக் கழித்துத்தான் அவர் ஏலம் கேட்பார், அதுவும் சுற்றிவளைத்து உங்கள் பணம்தான்.

தனியார் விற்பனையில் 'பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு' என்பார்கள். அது பொய் சொல்ல உரிமை இல்லை. தவறான விவரம் கொடுத்து விற்றால் 1967-ஆம் ஆண்டின் தவறான விவரிப்புச் சட்டம் பாயும். ஆகவே விளம்பர வாசகத்தை அச்செடுத்து, குறைகளின் பட்டியலோடு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி விஷயம்: அவருடைய இன்ஷூரன்ஸ் உங்கள் வண்டியை ஓட்ட அனுமதிக்கிறதா என்று தாளில் பாருங்கள். பல பாலிசிகளில் பிறர் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பு மட்டும்தான், அதுவும் சிலருக்கே. இடித்தால் உங்கள் பழைய தகரத்துக்கு ஒரு காசு வராது. முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததை உங்கள் கைபேசியில் நீங்களே திறந்து பார்க்கும்வரை சாவி உங்கள் பையில் இருக்கட்டும். அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் பணம் ஆகாது. பிறகு டி.வி.எல்.ஏ.வுக்கு அப்போதே இணையத்தில் தெரிவித்து, வி5சி-யின் பச்சைத் துண்டை மட்டும் அவரிடம் கொடுங்கள். வி5சி பதிவுபெற்ற பொறுப்பாளரைத்தான் காட்டும், சொந்தக்காரரை இல்லை. நீங்கள் வாங்கியபோது கிடைத்த ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, உடம்பு கைபடாதது. இன்ஜின் மட்டும் மாருதி ஆம்னியினுடையது. விண்டேஜ் நம்பர் வாங்கி விற்றால் நல்ல விலை போகும் என்கிறார்கள்.

பதில்: சென்னையில் தயாரான வண்டி; இதன் தங்கைதான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காராக ஓடியது. ஆனால் இந்த நிலையில் விண்டேஜ் நம்பர் கிடைக்காது. 2021-இல் வந்த விதியின்படி ஐம்பது வயசு தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தேறினால் நம்பரில் 'வி.ஏ.' வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அந்த நம்பரில் தினசரி ஓட்டவும் முடியாது.

பழைய இன்ஜின் வீட்டு மூலையில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்து, ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு ஒத்துப்போனால் அதைச் சரிசெய்து திரும்ப ஏற்றியபின் விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் ஆம்னி இன்ஜின் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஒப்புதல் வாங்காமல் மாற்றியிருந்தால், பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் அன்றைக்கே கோப்பு நின்றுவிடும். அதைத் தீர்க்காமல் வாங்குபவரிடம் முன்பணம் வாங்காதீர்கள்.